மூன்று மாதத்துக்குள் முடிக்கவும்

ராஜையனின் வழக்கை மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று மேல் கோர்ட்டு கீழ்க் கோர்ட்டுக்கு உத்தரவு போட்டு, வருகிற ஆகஸ்டோடு நாலு வருசம் ஆகிறது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல உத்தரவு. பதினோரு பக்கம். அதில் நாலு பக்கம் வயசானவர்களைக் கோர்ட்டுக்கு அலைக்கழிப்பதன் கொடுமையைப் பற்றி. அவருக்காக வாதாடுகிற செசிலி வக்கீல் அதை வாசித்து அர்த்தம் சொன்னபோது ராஜையனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூடத் தன் கஷ்டத்தை இத்தனை விஸ்தாரமாக எடுத்துச் சொன்னதில்லை என்று தோன்றியது. அன்றைக்கே குலசேகரத்தில் இறங்கி, கடைசிப் பக்கத்தை லாமினேஷன் போட்டு, வீட்டுச் சுவரில் இயேசு படத்துக்குக் கீழே மாட்டினார். "மேல உள்ளவிய பறஞ்சாச்சு. இனி இவிய கேக்காம இருக்க முடியுமா?" என்று ரேஷன் கடையிலும், பஸ் ஸ்டாண்டிலும், ஆலயத்தில் உபதேசியாரிடமும் சொன்னார். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. வழக்கு வந்ததே அதனால்தான்.

முப்பத்தெட்டு வருசம் ரப்பர் பால் வெட்டினவர் ராஜையன். இப்போது வயசு எழுபத்தி மூணு. ஒரே மகன் அபின் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பார்த்துப் போனில் முகம் காட்டுவான், "அப்பா, சாப்டியளா?" என்பான், வைத்துவிடுவான். மனைவி பூங்கனி இறந்தபோது, அயனிவிளை ஊரில் பல வீட்டிலும் செய்கிறதுபோல, சொந்த விளையிலேயே, தோட்டத்து மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். வீட்டுக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிறது அந்த மேல்விளை. ரெட்டைக் கல்லறை. ஒரு பக்கம் பூங்கனி. மறுபக்கம் காலி. கொத்தனாரை ரெண்டு தடவை கூப்பிட வேண்டாமே என்று காலிப் பக்கத்திலும் 'ராஜையன்' என்று எழுதி, பிறந்த தேதியைப் பொறித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மிச்சத்துக்கு இடம் விட்டிருந்தார்.

தினம் சாயங்காலம் அந்தக் காலிப் பக்கத்தில் போய் உட்காருவார். அன்றைக்கு நடந்ததையெல்லாம் பூங்கனியிடம் சொல்லுவார். மழைக்குக் கூரை ஒழுகினது, மீன்காரி ஏமாற்றினது, அபின் போனில் இளைத்துத் தெரிந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவளிடம் இவ்வளவு பேசினதில்லை. அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் தான் என்ன ஆவோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மேல்விளைக்குப் போக ஒரே வழிதான், ஜான்ரோஸின் விளை வழியாக. ஜான்ரோஸ் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ராஜையனைவிட ரெண்டு வயசு இளையவர், அவரும் பெண்டாட்டியை இழந்தவர். அவர் வீடு ரோட்டுக்கு எதிர்ப்புறம். பூங்கனியின் முதலாமாண்டு நினைவு ஜெபத்துக்கு வந்த ஒரு வேன், ரிவர்ஸ் எடுக்கும்போது ஜான்ரோஸின் நல்லமிளகுக் கொடியைச் சாய்த்துவிட்டது. ஜான்ரோஸ் கத்தினார். ராஜையன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்று ரெண்டு பேருக்குமே இப்போது ஞாபகம் இல்லை. அடுத்த வாரம் வழியை மறித்து எட்டடி உயரத்துக்கு ஒரு தகரக் கேட் வந்தது. ரெண்டு பக்கமும் மதில். மதில் மேலே உடைத்த பாட்டில் சில்லு.

ராஜையன் கோர்ட்டுக்குப் போனார். அப்போதிருந்த முன்சீப்பு விவரம் தெரியாத மனுஷன். காகிதத்தைப் படித்தார், பாவம், உடனே புரிந்துகொண்டார். தினம் சாயங்காலம் ராஜையனை உள்ளே விட வேண்டும், பிரதிவாதி சாவியைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், மறுநாள் காலையில் கோர்ட்டு அமீனா போய்த் திறந்துவிட வேண்டும் என்று ஒரே மாதத்தில் உத்தரவு போட்டார். ஜான்ரோஸும் கௌரவமாக, இருந்த ரெண்டு சாவியையும் சாயங்காலம் நாலு மணிக்குள் ஒப்படைத்து, மறுநிமிஷமே அப்பீலுக்கும் ஆள் அனுப்பினார். அமீனா மறுநாள் புறப்படுவதற்குள் மேலிருந்து தடை வந்துவிட்டது: 'தற்போதைய நிலை தொடர வேண்டும்.' தற்போதைய நிலை என்னவென்றால், கேட் பூட்டியிருக்கிறது, சாவி கோர்ட்டில் இருக்கிறது. ராஜையன் உள்ளே போக முடியாது. கேட்டைப் போட்ட ஜான்ரோஸும் உள்ளே போக முடியாது. அவர் பெண்டாட்டி லில்லிபாய் கல்லறையும் அந்த மதிலுக்குள்ளேதான் இருந்தது.

வழக்கு முடியும்வரை கேட்டையும் மதிலையும் தொட மாட்டோம், தாண்ட மாட்டோம் என்று ரெண்டு பேரும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் செசிலி வக்கீல். ராஜையன் கேட்கவில்லை. பையிலிருந்து பூங்கனியின் வேதபுத்தகத்தை எடுத்து, "நான் இதுல கை வச்சுதான் பறைவேன். அவனும் வைக்கட்டும். அவனுக்க கையெழுத்த நான் நம்ப மாட்டேன்" என்று அடம் பிடித்தார். ஜான்ரோஸும் ரோஷத்தில் கை வைத்தார். கையெழுத்தை மட்டும் போட்டிருந்தால் என்றைக்காவது ஓர் இருட்டில் ஏணி சாத்தியிருக்கலாம். வேதபுத்தகத்தில் கை வைத்தவர்கள் என்ன செய்ய முடியும்?

அதன் பிறகுதான் அந்தப் பதினோரு பக்க உத்தரவு. சாட்சிகளை விசாரித்து, தகுதியின் பேரில், மூன்று மாதத்துக்குள் முடித்து, முடித்ததாக அறிக்கை அனுப்பவும்.

மூன்று மாதம் முடிந்த அன்றைக்கு ராஜையன் புது வேட்டி உடுத்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு கிளார்க் ஏசுஅடிமை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உத்தரவு வந்தாச்சு பாட்டா. ஆனா கட்டு வரல்ல."

"எந்தக் கட்டு?"

"வழக்குக் கட்டு. அப்பீலுக்கு மேல போச்சுல்லா? சாவியும் அதுக்க கூடதான் போயிருக்கு. கவர்ல போட்டு, அரக்கு வச்சு, நான்தான் அனுப்பினேன்."

"எழுதிக் கேக்கப்பிடாதா?"

"கேட்டாச்சு. உத்தரவை நிறைவேத்தினதா அறிக்கை அனுப்பினா கட்டைத் திருப்பி அனுப்புவோம்னு பதில் வந்திருக்கு."

"கட்டு இல்லாம நீங்க எப்படி நிறைவேத்துவிய?"

"நாங்களும் அதத்தான் எழுதிக் கேட்டோம். இத்தன நாளா ஏன் முடிக்கல்லன்னு விளக்கம் கேட்டிருக்கு." ஏசுஅடிமை அலமாரியைத் திறந்து காட்டினார். விளக்கங்களுக்கென்றே தனியாக ஒரு கட்டு, கயிறு போட்டு. "வழக்குக் கட்டைவிட இது தடிமன்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

அந்த முன்சீப்பு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் விளக்கக் கட்டைப் படித்து முடிக்கிறதற்குள் அவரும் போனார். மூன்றாவதாக வந்தது ஓர் இளம் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கம். ராஜையன் ஒருநாள் செசிலி வக்கீல் கண்ணைக் காட்டியும் கேட்காமல் எழுந்து கும்பிட்டு, "அம்மா, எனக்க காரியத்துக்கு ஒரு முடிவு பறையணும்" என்று கேட்டுவிட்டார். அம்மா கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார்.

"இங்கே பாருங்க பெரியவரே. நீதித்துறை சுதந்திரமானது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எனக்கு ஒருவரும் உத்தரவு போட முடியாது. மந்திரி போட முடியாது. கலெக்டர் போட முடியாது. மேல் நீதிமன்றம் போடலாம். மாவட்ட நீதிபதி போடலாம். ஆய்வுக்கு வருகிறவர்கள் போடலாம். அவர்களுடைய பதிவாளர் போனில் சொல்லலாம். மற்றபடி நான் முழுச் சுதந்திரம். உங்கள் வழக்கில் இருக்கிற நியாயம் எனக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததாகக் காட்டினால், விசாரிக்காமல் முடிவெடுத்த நீதிபதி என்று மேலே எழுதிவிடுவார்கள். அதனால் எனக்கு இன்னும் புரியவில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்."

ஏசுஅடிமை பதிவு செய்துகொண்டார். மறுவாய்தா மூன்று மாதம் கழித்து.

அந்த அம்மாவைப் பார்த்தால் ராஜையனுக்குப் பாவமாக இருக்கும். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகக் கூடாது, வக்கீல்களோடு சிரித்துப் பேசக் கூடாது. மத்தியானம் அறைக்குள் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். அவருக்கு வருகிற கடிதமெல்லாம் மேலிருந்து வருகிற விளக்கக் கடிதம்தான். ஒருதரம் ராஜையன் தோட்டத்துப் பப்பாளி ஒன்று கொண்டுபோனார். ஏசுஅடிமை ஓடி வந்து மறித்துவிட்டார். "என்ன பாட்டா, அவங்க வேலைக்கு உலை வைக்கியளா? பப்பாளிக்கும் விளக்கம் எழுதணும்."

கோர்ட்டு வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. வாய்தாவுக்கு வாய்தா ராஜையன் ஒரு முனையிலும் ஜான்ரோஸ் மறு முனையிலும் உட்கார்ந்தார்கள். திரும்பிப் போக ஊருக்கு ஒரே பஸ். முதல் வருசம் ஒருவர் முன்வாசலிலும் ஒருவர் பின்வாசலிலும் ஏறினார்கள். ரெண்டாம் வருசம் ஒரு ஆனி மழையில் ராஜையனிடம் குடை இல்லை. ஜான்ரோஸ் தன் குடையைப் பாதி நீட்டினார், முகத்தை வேறே பக்கம் திருப்பிக்கொண்டுதான்.

"உனக்கு நாளைக்கு லில்லிபாய்க்க நினைவு நாள் இல்லியா?" என்று ராஜையன் கேட்டார்.

"ஓ. ஏழு வருசம்."

"போவ முடியாதே."

"நான்தானே அண்ணே கேட்டு போட்டேன்" என்றார் ஜான்ரோஸ். "உமக்கு மட்டும்னு நெனச்சுப் போட்டேன்."

அன்றிலிருந்து ரெண்டு பேரும் ஒரே சீட்டில் வந்தார்கள். ஒருவர் பலாச் சக்கை அவித்துக் கொண்டுவந்தால் மற்றவர் மீன்கறி கொண்டுவருவார். வாய்தா இல்லாத மாதம் வந்தால் ரெண்டு பேருக்கும் நேரம் போகாது. இனி எதற்குச் சண்டை, எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்து, சமாதானப் பத்திரம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சிரித்துக்கொண்டே நீதிபதி அம்மா முன்னால் போய் நின்றார்கள்.

அம்மா பத்திரத்தைப் படித்தார். முகம் வாடிவிட்டது.

"மேலே என்ன சொல்லியிருக்கிறார்கள்? சாட்சிகளை விசாரித்து, தகுதியின் பேரில் முடிக்கவும். சமாதானமாக முடிக்கவும் என்று ஒரு வார்த்தை இல்லையே. நீங்கள் சமாதானம் ஆகிவிட்டால் நான் எதை விசாரிப்பேன்?"

"எங்களுக்குள்ள சண்டையே இல்லம்மா" என்றார் ஜான்ரோஸ்.

"சண்டை உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். நீங்கள் ரெண்டு பேரும் வெளியே வைத்து முடிவு செய்தால் எப்படி? நான் ஒன்று செய்கிறேன். சமாதானத்துக்கு அனுமதி கேட்டு மேலே பணிவோடு எழுதுகிறேன். அதுவரைக்கும் தயவுசெய்து நீங்கள் எதிரிகளாகவே இருக்க வேண்டும்."

எதிரிகள் ரெண்டு பேரும் வெளியே வந்து ஒரு டீயைப் பாதிப் பாதி குடித்தார்கள்.

அனுமதிக்குப் பதில் வரவில்லை. வந்தது வேறே. கேட்டின் நிலை தொடர்கிறதா என்று பார்த்து வர மேல் கோர்ட்டு ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பச் சொல்லியிருந்தது. அவர் டேப்பும் கேமராவுமாக வந்து, கேட் துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்து, 'நிலை மாறியுள்ளது' என்று அறிக்கை கொடுத்தார். உத்தரவு தேதியில் இருந்த நிறத்துக்கே கேட்டைக் கொண்டுவரும்படி கீழ்க் கோர்ட்டுக்கு நாலு பக்க உத்தரவு வந்தது. அந்தத் தேதியில் இருந்தது இலைப் பச்சையா, பாசிப் பச்சையா என்று கேட்டு அம்மா மேலே எழுதினார். ஏழு மாதம் கழித்து, அதைக் கீழ்க் கோர்ட்டே சுதந்திரமாக முடிவு செய்யலாம், தவறாக முடிவு செய்தால் விளக்கம் கேட்கப்படும் என்று பதில் வந்தது.

பெயின்டர் ஷைஜு கோர்ட்டு உத்தரவோடு ஏணியைக் கொண்டுவந்து கேட்டில் சாத்தினான். வாதியும் பிரதிவாதியும் எதிரே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டில் அவர்கள் கை படக் கூடாது. பெயின்டர் கை படலாம்.

ராஜையனுக்குப் பொறுக்கவில்லை. "ஏ மக்கா, ஷைஜு. மேல நிக்கியல்லா, உள்ள என்ன தெரியுது?"

"ஒரே காடு மாமா. ஆள் உயரத்துக்குக் கெடக்கு."

"கல்லறை?"

ஷைஜு கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். "ரெட்டைக் கல்லறை ஒண்ணு தெரியுது. ஒரு பக்கம் மாமரம் சாஞ்சு கெடக்கு."

"எந்தப் பக்கம் மக்கா? எழுத்து தெரியுதா பாரு. எனக்க பக்கமா, அவளுக்க பக்கமா?"

"எழுத்து தெரியல்ல மாமா. பாசி."

ராஜையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஜான்ரோஸ் ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்: "உமக்க பக்கமாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிடும் அண்ணே. உமக்க காலிப் பக்கம். அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

போன மே மாதம் ஜான்ரோஸ் இறந்தார். காலையில் பல் தேய்க்கப் போன இடத்திலேயே. மகள் ஜாஸ்மி குவைத்திலிருந்து வர ரெண்டு நாள் ஆயிற்று. அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், பூட்டை உடையுங்கள் என்று அவள் அழுதாள். ராஜையன், "எனக்கு ஆட்சேபணை இல்ல, எங்க வேணும்னாலும் எழுதித் தாரேன்" என்று செசிலி வக்கீலைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார். கோடை விடுமுறை. விடுமுறைக் கால நீதிபதி பொறுமையாகக் கேட்டார். மேல் கோர்ட்டு நிலை தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, ஒருவரைப் புதிதாக அடக்கம் செய்வது நிலையில் மாற்றம்தானே என்று வருத்தத்தோடு கேட்டார். மரணத்துக்கு நீதிமன்றத்தின் ஆழ்ந்த அனுதாபத்தையும் பதிவு செய்யச் சொன்னார்.

ஜான்ரோஸைச் சபைக் கல்லறைத் தோட்டத்தில், கடைசி வரிசையில், மதிலோரமாக அடக்கம் செய்தார்கள். ஜாஸ்மி பத்து நாளில் குவைத்துக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூனில் கோர்ட்டு திறந்த அன்று ஏசுஅடிமை ராஜையனுக்கு போன் பண்ணினார். "பாட்டா, உடனே வாரும். சாவி வந்திருக்கு."

ராஜையன் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் பஸ் ஏறினார். உண்மைதான். மேசை மேல் அரக்கு வைத்த கவர். கூடவே பதினாறு பக்க உத்தரவு. நீதிபதி அம்மா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. அவரே வாசித்தார்: "'இரு முதியவர்களும் பகையை மறந்தது கண்டு இந்நீதிமன்றம் பெருமகிழ்ச்சி அடைகிறது. சட்டம் இரும்பல்ல, இதயம். ஆகவே சமாதானத்தை ஏற்றுக்கொள்ளும்படி கீழ் நீதிமன்றத்துக்கு உத்தரவிடுகிறோம். சாவியை ஒப்படைத்தவரிடமே, அவர் நேரில் வந்து கையெழுத்திட்ட பின், திருப்பிக் கொடுக்கவும். அவர் தம் கையாலேயே கேட்டைத் திறந்து வாதியை உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இந்நீதிமன்றத்தின் விருப்பம். அதன் பிறகு வழக்கை முடித்து அறிக்கை அனுப்பவும்.'"

வாசித்து முடித்துவிட்டு அம்மா நிமிர்ந்து, "பிரதிவாதி எங்கே?" என்று கேட்டார்.

செசிலி வக்கீல் எழுந்து சொன்னார்.

அம்மா உத்தரவை மறுபடி முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு வார்த்தையாவது இடம் தருமா என்று தேடுகிறது தெரிந்தது. 'நேரில்' என்று இருந்தது. 'தம் கையாலேயே' என்று இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோர்ட்டுத் தமிழை விட்டுவிட்டு, "நான் என்ன பண்ணட்டும் பெரியவரே, நீங்களே சொல்லுங்க" என்றார். சாவி ரெண்டு பேருக்கும் நடுவில் மேசையில் கிடந்தது. கை நீட்டினால் எட்டும்.

ராஜையன் கை நீட்டவில்லை. "எழுதிக் கேளுங்க மக்கா" என்றார். நீதிபதியை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஒப்படைத்தவர் இறந்துவிட்டார், என்ன செய்வது என்று அம்மா பணிவோடு மேலே எழுதினார். மூன்று மாதத்துக்குள் பதில் வரும் என்றார் ஏசுஅடிமை.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜையன் ஜன்னலோரத்தை விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஜன்னலோரம் ஜான்ரோஸின் இடம். ஒரு ஆள் வந்து "தள்ளி இருங்க அண்ணாச்சி" என்றபோதுதான் நகர்ந்தார்.

போன வாரம் பூங்கனியின் நாள். ராஜையன் காலையிலேயே குளித்து, மெழுகுவர்த்தியும் வெள்ளைச் செவ்வந்தியும் வாங்கி வைத்திருந்தார். வழக்கம்போல பச்சைக் கேட் வரைக்கும் போனார். பெயின்ட் இன்னும் மங்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற வருசங்களில் மெழுகுவர்த்தியைக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் கொளுத்தி வைப்பார், லாரிக் காற்றில் அணைந்துவிடும். இந்த வருசம் ஏனோ மனசு வரவில்லை. திரும்பி நடந்து, சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே கேட் கிடையாது.

கடைசி வரிசையில், மதிலோரத்தில், ஜான்ரோஸின் மண்மேடு இன்னும் சிமெண்டு பூசாமல் கிடந்தது. முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டார். பூங்கனிக்கு வாங்கின பூவை அதன் மேலே வைத்தார். மெழுகுவர்த்தியை, காற்றுப் படாமல் கை மறைத்துக் கொளுத்தினார். முட்டி வலித்தது, பக்கத்து மேட்டில் கையை ஊன்றி மெள்ள உட்கார்ந்தார். மீன்காரி இப்போது சரியாகத் தருகிறாள் என்றார். அபின் கிறிஸ்துமசுக்கு வந்தாலும் வருவான் என்றார். நீதிபதி அம்மாவுக்கு மாற்றல் வரும் போல இருக்கிறது என்றார்.

எழுந்து வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, குனிந்து, பக்கத்தில் வேறே யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

"ஜான்ரோஸு, நீ அங்க பூங்கனியக் கண்டியானா பறஞ்சிரு. மேல எழுதியிருக்கு. மூணு மாசத்துல வந்திருவேன்னு."